டிக் போட்ட தாளும் கேட்காத கேள்வியும்

அறுவை அரங்கில் மூன்று இடங்களில் எல்லோரும் கைவேலையை நிறுத்த வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2008 ஜூனில் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை, தோலைக் கீறுவதற்கு முன் ஒருமுறை, நோயாளியை அரங்கைவிட்டு வெளியே கொண்டுபோவதற்கு முன் ஒருமுறை. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் தாள். மொத்தம் 19 இனங்கள். ஆள் இவர்தானா, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை ஏதும் உண்டா, ஆன்டிபயாடிக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா, மாப் எண்ணிக்கை சரியா என்று போகும். இதையெல்லாம் கேட்காமலா இத்தனை காலம் வயிற்றைத் திறந்தார்கள் என்று வெளியாளுக்குத் திகைப்பாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கோ எரிச்சல்: இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் கத்தி பிடிக்கிறோம்?

இரண்டுக்கும் நியாயம் உண்டு. பட்டியலில் புதிய அறிவு என்று எதுவுமே கிடையாது. தெரிந்ததைத் தெரிந்தவர்களே அவசரத்திலும் அலுப்பிலும் விட்டுவிடுகிறார்கள் என்ற பழைய உண்மையை அது ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் உலகமெங்கும் புழங்கியபின் திரும்பிப் பார்த்தால் வேறொரு சங்கடம் தட்டுப்படுகிறது. சில ஊர்களில் இந்தத் தாள் உயிரைக் காத்திருக்கிறது. சில ஊர்களில் கேஸ் ஷீட்டின் தடிமனைக் கூட்டியதோடு சரி. இங்கும் அங்கும் அதே தாள்தான். அப்படியானால் வேலை செய்தது எது?

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடலாம். 2009 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வுதான் பட்டியலை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தது. டொரண்டோ, லண்டன், சியாட்டில், ஆக்லாந்து, அம்மான், மணிலா, தான்சானியாவின் இஃபகாரா, நம் புதுடெல்லி ஆகிய எட்டு ஊர்களில் ஊருக்கொரு மருத்துவமனை. பட்டியலுக்கு முன் 3,733 நோயாளிகள், பின் 3,955 நோயாளிகள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. திட்டத்தை முன்னின்று நடத்திய அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே அதே ஆண்டின் இறுதியில் பட்டியல்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஒரு தகவல் எனக்கு இறப்புக் கணக்கைவிடச் சுவையாகப் பட்டது. பட்டியலைப் பயன்படுத்திய ஊழியர்களில் ஐந்தில் ஒருவர், இது எளிதாக இல்லை, நேரம் பிடிக்கிறது என்று சலித்துக்கொண்டார்கள். நீங்களே ஆபரேஷன் மேஜையில் படுத்தால் இதைப் பயன்படுத்த வேண்டும் என்பீர்களா என்று கேட்டதற்கு 93 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அடுத்தவர் உடம்பென்றால் சுமை, தன் உடம்பென்றால் காப்பு!

அந்த ஆய்வைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கவும் வேண்டும். பட்டியல் வந்ததற்கு முன், பின் என்ற ஒப்பீடு மட்டுமே அதில் உண்டு. பட்டியல் கொடுக்காமல் கூடவே கவனித்துவந்த மருத்துவமனைகள் கிடையாது. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் கொஞ்சம் ஒழுங்காகிவிடுவார்கள். வசதியான நாடுகளின் நான்கு மருத்துவமனைகளில் இறப்பு 0.9 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். வசதி குறைந்த இடங்களில்தான் 2.1 சதவீதம் 1 சதவீதமாகி உறுதியான இறக்கம் தெரிந்தது.

இன்னொன்று இன்னும் விசித்திரம். மூச்சுப் பாதையைப் பரிசோதிப்பது, ஆக்சிமீட்டர் மாட்டுவது, ஆன்டிபயாடிக், மாப் எண்ணுவது போன்ற ஆறு அடிப்படைச் செயல்களையும் ஒன்று விடாமல் செய்துகொண்ட நோயாளிகள் முன்பு 34.2 சதவீதம், பின்பு 56.7 சதவீதம். அதாவது பட்டியல் வந்த பிறகும் நூற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒன்று விடுபட்டே இருந்தது. ஆனாலும் இறப்பு ஏறக்குறைய பாதியானது. ஆறு செயல்களின் கணக்கைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. அரங்குக்குள் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2014 மார்ச்சில், அதே இதழில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து மறுப்பு வந்தது. 101 மருத்துவமனைகள், பட்டியலுக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதம், சிக்கல் 3.86 சதவீதத்திலிருந்து 3.82 சதவீதம். மாற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாகாணத்தில் பட்டியலைப் பின்பற்றுவதாக மருத்துவமனைகள் அரசுக்குக் கொடுத்த கணக்கோ நூற்றுக்கு நூறை ஒட்டி நின்றது.

பட்டியலின் ஆதரவாளர்கள் உடனே பதில் சொன்னார்கள்: ஒன்டாரியோவில் உத்தரவு போட்டார்கள், பயிற்சி கொடுக்கவில்லை; தாளை நிரப்பினார்கள், தாளில் சொன்னதைச் செய்யவில்லை. இருக்கலாம். ஆனால் இந்த வாதத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பலித்தால் பட்டியலின் மகிமை, பலிக்காவிட்டால் செய்தவர்களின் குறை என்றால் எந்தச் சோதனையிலும் பட்டியல் தோற்கவே முடியாது. பரிகாரம் சொல்பவர்கள் பேசும் பேச்சு அது, மருத்துவத்துக்கு ஒத்துவராது. அதனால் வேறு சான்று வேண்டும்.

இருக்கிறது. நார்வேயில் துறைகளுக்குப் பட்டியல் எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது, சிக்கல்கள் 19.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாக இறங்கின. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்தது அதைவிட முக்கியம். அங்கே பட்டியலைத் தனியாகக் கொடுக்கவில்லை. இரண்டு மாத ஆயத்தம். பிறகு அறுவை அரங்கை ஒருநாள் மூடிவிட்டு, சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்சி. அதன்பின் ஓராண்டுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை விசாரிப்பு. பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இறப்பு 18 சதவீதம் குறைந்தது. பயிற்சி பெறாதவற்றில் 7 சதவீதம். 2010இல் வந்த முடிவு இது. அங்கே முதலில் மாற்றியது மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும் முறையை. பட்டியல் அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு.

பட்டியலின் பூர்வீகம் விமானத் துறை என்பது தெரிந்த செய்தி. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம், காற்றில் அசையாதபடி வாலுக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்ததால் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அனுபவசாலி விமானி. ஓட்டத் தெரியாமல் விழவில்லை. அதன் பிறகே விமானிகளுக்குச் சரிபார்ப்புத் தாள் வந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். அதே விமானத் துறை தாள் போதாது என்று நாற்பது ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொண்டதைக் குறைவாகவே சொல்வார்கள். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அனுமதி வராமலே கிளம்பிவிட்டார். பின்னால் இருந்த பொறியாளர், எதிர் விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக ஆமாம் என்றார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. 1979இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து, கீழே இருப்பவர் பேசவும் மேலே இருப்பவர் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பது தொடங்கியது. அறுவை அரங்கு இந்த இரண்டு பாடங்களில் முதலாவதை மட்டும் நகலெடுத்துக்கொண்டது. தாள் மலிவு, பயிற்சி செலவு.

விமான ஒப்புமைக்கும் எல்லை உண்டு. விமானி அறையில் இருப்பவர்கள் ஒரே தொழில், ஒரே நிறுவனம், ஒரே பயிற்சிப் பள்ளி. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சர்ஜன் அறுவைத் துறையின் யூனிட் சீஃபுக்குக் கட்டுப்பட்டவர். மயக்க மருத்துவர் வேறு துறை, வேறு தலைவர். சிஸ்டர் செவிலியர் கண்காணிப்பாளர் போட்ட டியூட்டிப் பட்டியல்படி வந்தவர். நாளை வேறு அரங்கு. டெக்னீஷியன் இன்னொரு வரிசை. முதுநிலை மாணவரின் தேர்வும் எதிர்காலமும் அந்த சீஃபின் கையில். ஒரே மேஜையைச் சுற்றி நிற்பதால் இவர்களை ஒரு அணி என்கிறோம். காலை எட்டு மணிக்கு முன்பு அவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு மரணத்தை விரிவாகப் பார்ப்பது பயன்படும். அறுவை அரங்கில் பேசாமை எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பதிவு வேறு அரிது. 2005 மார்ச் 29 அன்று எலைன் ப்ரோமிலி என்ற இளம் தாய் சைனஸ் தொந்தரவுக்கான சாதாரண அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைபட்டது. முகமூடியும் பொருந்தவில்லை, குழாயும் இறங்கவில்லை. ஆக்சிஜன் அளவு 40 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கே இரண்டு மயக்க மருத்துவர்கள், ஒரு காது மூக்குத் தொண்டை சர்ஜன் என மூன்று மூத்த நிபுணர்கள் இருந்தார்கள். இப்படிப்பட்ட நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும் என்பது மூவருக்கும் தெரிந்த விதி. கழுத்தில் கத்தி வைக்கத் தெரிந்த ஆளும் அங்கேயே நின்றார். ஆனால் மூவரும் இருபது நிமிடத்துக்கு மேல் குழாயை இறக்குவதிலேயே குனிந்திருந்தார்கள்.

நர்ஸ்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் ட்ரக்கியாஸ்டமி செட்டை எடுத்துக்கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் திரும்பவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். வந்து சொன்னபோது, எதற்கு இவ்வளவு பதற்றம் என்பதுபோல மருத்துவர்கள் பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய் படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலைன் பதின்மூன்று நாள் கழித்து இறந்தார். செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்பதே பிற்பாடு நர்ஸ்கள் தந்த வாக்குமூலத்தின் சாரம்.

எலைனின் கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. மருத்துவர்களைத் தண்டிக்கச் சொல்லி அவர் கிளம்பவில்லை. நல்ல மருத்துவர்கள் ஏன் இப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். 2007இல் அதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார். இப்போது நம் தாளை எடுத்து அந்த அறையில் வைத்துப் பாருங்கள். மூச்சுப் பாதை கடினமாக இருக்குமா என்று அதில் ஓர் இனம் உண்டு. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஓரளவு உதவியிருக்கும். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்கான வரி எதுவும் அதில் இல்லை. அப்போது தேவைப்பட்டது, “டாக்டர், நிறுத்துங்கள், கழுத்தில் துளை போடுங்கள்” என்று உரக்கச் சொல்லும் உரிமை. அந்த உரிமையை நெருக்கடியின் நடுவில் புதிதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நெருக்கடி இல்லாத நூறு காலைகளில் பேசிப் பழகியிருக்க வேண்டும். என் கணிப்பில் பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. மருந்து ஒவ்வாமை உண்டா என்று சிஸ்டர் ஒவ்வொரு நாளும் கேட்டு, சீஃப் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லும்போது, கேட்பவர் இவர், பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்ற வழக்கம் உறுதிப்படுகிறது. இதைப் பயிற்சியாக நடத்தாமல் படிவமாக நடத்தும் மருத்துவமனைக்கு அந்தப் பயன் கிடைக்காது.

இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, எங்கள் அரங்கில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று பெரும்பாலான சர்ஜன்கள் உளமார நம்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளில் எடுத்த கருத்துக்கணிப்பு ஒன்று 2006இல் வெளியானது. சக சர்ஜன்களோடு ஒத்துழைப்பு எப்படி என்று சர்ஜன்களைக் கேட்டதற்கு 85 சதவீதம் நன்று என்று வந்தது. சர்ஜன்களோடு ஒத்துழைப்பு எப்படி என்று நர்ஸ்களைக் கேட்டபோது 48 சதவீதம். மேலே இருந்து பார்ப்பவருக்குப் படிக்கட்டின் உயரம் தெரிவதில்லை.

பட்டியலின் 19 இனங்களில் நம் ஊரில் மிக அதிகமாகக் கேலிக்கு உள்ளாவது, அணியினர் அனைவரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது. இருபது வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம், பெயரைச் சொல்லிக்கொள்வதா என்று சிரிப்பார்கள். நம் அரங்குகளில் பெயருக்கு வேலையே இல்லை என்பதும் உண்மை. ‘சார்’, ‘மேடம்’, ‘சிஸ்டர்’, ‘பி.ஜி.’, ‘தம்பி’ என்ற ஐந்தாறு சொற்களிலேயே ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். சீஃபின் பெயரைச் சீஃபின் முன்னால் சொல்ல யாருக்கு நா எழும்? எனக்கும் இந்த இனம் ஆரம்பத்தில் வெள்ளைக்காரச் சம்பிரதாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அதன் நோக்கம் அறிமுகம் அல்ல. ஆபரேஷன் தொடங்கும் முன் ஒருமுறை வாய் திறந்துவிட்டவர் பிறகு ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்லத் தயங்குவது குறையும் என்ற எதிர்பார்ப்பில் வைத்தது அது. பெயர் சொல்வது கூச்சமென்றால் வேறு வழியும் இருக்கிறது. சிட்னியின் மயக்க மருத்துவர் ராப் ஹேக்கெட் 2017இல் தன் தொப்பியில் பெயரையும் பொறுப்பையும் எழுதிக்கொண்டு அரங்குக்குப் போனார். அது பல நாடுகளுக்குப் பரவியது. நம்மிடம் சார் என்றே கூப்பிட்டுக்கொள்ளட்டும், பாதகமில்லை. “சார், இது வலதுபக்கம்னு எழுதியிருக்கு” என்ற வாக்கியத்தில் சார் இருப்பதால் எந்தக் குறையும் வரவில்லை. அந்த வாக்கியம் வர வேண்டும்.

மாப் எண்ணிக்கைக்கு வருவோம். அணி வேலை என்பது கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும் இடம் அதுதான். வயிறு திறந்திருக்கும்போது ரத்தத்தை ஒற்றியெடுக்கவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் வைக்கும் துணி மாப். ரத்தத்தில் நனைந்தபின் அது திசுவோடு திசுவாகத் தெரியும். கருவி கொடுக்கும் சிஸ்டரும் வெளியே நிற்கும் சிஸ்டரும் இருவராகச் சேர்ந்து தொடக்கத்தில் எண்ணுவார்கள். இடையில் புதிதாகப் பிரிக்கும் கட்டையும் எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். எடுத்துப் போட்டவற்றைத் தரையிலோ தாங்கியிலோ ஐந்தைந்தாக விரித்து வைப்பார்கள். வயிற்றை மூடும் முன் சர்ஜன் கேட்பார்: “கவுன்ட் சொல்லுங்க சிஸ்டர்.” இதில் சிக்கல் என்னவென்றால், அவர் கேட்கும்போதே பெரும்பாலும் ஊசியும் நூலும் கையில் இருக்கும், முதல் தையல்கூட விழுந்திருக்கும். “ஒரு நிமிஷம் சார், ஒண்ணு குறையுது” என்று அப்போது சொல்ல சிஸ்டருக்கு நெஞ்சுரம் வேண்டும். தன் எண்ணிக்கையே தப்பாக இருந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். சரியாக இருந்தால் யாரும் பாராட்டப் போவதில்லை. இந்தக் கணக்கில் ‘கரெக்ட் சார்’ என்பதே லாபகரமான பதில். கவாண்டே குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் தருகிறது: அவசர ஆபரேஷன்களில் பொருள் உள்ளே தங்கும் ஆபத்து ஒன்பது மடங்கு, திட்டம் நடுவில் மாறினால் நான்கு மடங்கு. பொருள் தங்கிப்போன கேஸ்களில் எண்ணிப் பார்த்த பெரும்பாலானவற்றில் எண்ணிக்கை சரி என்றே பதிவாகியிருந்தது.

நம் நாட்டில் இந்தச் சங்கதி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1963 ஜூலையில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவமான ஒரு பெண்ணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றுக்குள் ஒரு மாப் தங்கிவிட்டது. சீழ் பிடித்து, மறுபடி திறந்து எடுத்தும் பிழைக்கவில்லை. அதே மாதம் இறந்துபோனார். வழக்கு இறுதித் தீர்ப்புக்கு வந்தது 1996 பிப்ரவரியில். வயிற்றுக்குள் துணி கிடந்ததே கவனக்குறைவுக்குச் சான்று, எந்த மருத்துவர் எந்த ஊழியர் என்று ஆளைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையில்லை, மருத்துவமனையை நடத்தும் அரசு பொறுப்பு என்றது நீதிமன்றம். முப்பத்து மூன்று வருஷம் கழித்து வந்த தீர்ப்பென்றாலும் அணி என்பதை அது சரியாகவே புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன். குற்றம் அரங்குக்கு உரியது, தனியாளுக்கு அல்ல.

அரங்குக்குள் அந்தப் புரிதல் இறங்கவில்லை. இறங்கியது வழக்கு பயம். என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்க அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் வேண்டும்; வழக்கு வந்தால் காட்டவும் வேண்டும். ஆக, ஒரே தாளுக்கு இரண்டு எஜமானர்கள். நோயாளிக்காகக் கேட்பது ஒன்று, பிற்காலத்தில் வரக்கூடிய வக்கீலுக்காக எழுதுவது இன்னொன்று. இரண்டாவது எஜமானரே பலசாலி. எனவே தாள் காலியாக இருக்கக் கூடாது. சில இடங்களில் மூன்று பகுதிகளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரம்பியிருக்கும். நோயாளி வெளியே போவதற்கு முன் போட வேண்டிய டிக், கத்தி வைப்பதற்கு முன்னாலேயே விழுந்திருக்கும். வெறும் தாள் இருந்தால் எதையும் கேட்கவில்லை என்றாவது தெரியும். நிரம்பிய தாள் கேட்டதாகப் பொய் சாட்சி சொல்கிறது. மயக்க மருத்துவர் பார்த்திருப்பார் என்று சர்ஜனும், சர்ஜன் பார்த்திருப்பார் என்று சிஸ்டரும் நம்ப அதுவே இடம் கொடுக்கிறது. அந்த வகையில் கெட்ட பட்டியல் பட்டியல் இல்லாமையைவிட மோசம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2010இலிருந்து பட்டியல் கட்டாயம். நடக்கவே கூடாதவை என்று அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் இடம் மாறிய அறுவையும் உள்ளே தங்கிய பொருளும் இன்னமும் முன்னணியில்தான் வருகின்றன.

பேசினால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு விடை கிடைத்தது. அறுவை அரங்கு அல்ல, பிரசவ அறை. ஆனால் அதே குடும்பத்துப் பட்டியல், அதே கவாண்டேயின் குழு. 120 சுகாதார மையங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் பாதுகாப்பான பிரசவப் பட்டியலைக் கொடுத்து எட்டு மாதம் பயிற்றுநர்களை அனுப்பிக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் மாத முடிவில் செய்ய வேண்டியவற்றில் சுமார் 73 சதவீதத்தைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் செய்தார்கள். மற்ற இடங்களில் 42 சதவீதம். ஆனால் தாய் சேய் இறப்பையும் தாயின் கடும் சிக்கலையும் சேர்த்துப் பார்த்தால் இங்கே 15.1 சதவீதம், அங்கே 15.3 சதவீதம். 2017இல் இந்த முடிவு வந்தபோது பட்டியல் பக்தர்கள் பலர் ஆடிப்போனார்கள். நான் இதைத் தோல்வி என்று படிக்கவில்லை, எல்லைக்கோடு என்று படிக்கிறேன். கையைக் கழுவியாயிற்றா என்று பட்டியல் நினைவூட்டும். ரத்தப்போக்கு வந்தால் ரத்தம் கொண்டுவந்து தராது, சிசேரியன் செய்யத் தெரிந்தவரை ராத்திரி இரண்டு மணிக்கு ஊருக்கு வரவழைக்காது. அறுவைப் பட்டியலிலும் இதே கதைதான். ஆக்சிமீட்டர் மாட்டி ஓடுகிறதா என்று கேட்கும் தாளை ஆக்சிமீட்டரே இல்லாத அரங்குகளுக்கும் அனுப்பினார்கள். பிறகு அந்தக் கருவியைக் கொண்டுசேர்க்கவே 2011இல் லைஃப்பாக்ஸ் என்ற அறக்கட்டளையைத் தொடங்க வேண்டியிருந்தது.

பட்டியலை எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் நேரக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு நிமிட விஷயம். அதைவிட அதிக நேரம் மின்விளக்கைத் திருப்பிச் சரிசெய்வதில் போகிறது. நெருக்கடி நேரத்தில் பட்டியல் உதவாது என்பதும் முழுக்கச் சரியல்ல. மாதிரி அரங்கில் 17 குழுக்களுக்கு இதய நிறுத்தம், பெரும் ரத்தப்போக்கு போன்ற நெருக்கடிகளை வரவழைத்துச் சோதித்தார்கள். நெருக்கடிக்கென்றே எழுதிய பட்டியல் கையில் இருந்தபோது தவறவிட்ட படிகள் 6 சதவீதம், இல்லாதபோது 23 சதவீதம். நினைவாற்றல் பெருமைக்குரியது என்று வளர்ந்த நம் மருத்துவக் கல்விக்கு, நெருக்கடியில் தாளை எடுத்துப் படிப்பது அவமானமாகத் தெரிகிறது. அந்த அவமானத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

எனக்குள்ள உண்மையான குறை மூன்றாவது நிறுத்தத்தைப் பற்றியது. மூன்றில் அதிகம் கைவிடப்படுவது அதுவே. கத்தி வைக்கும் முன் சீஃப் மேஜை பக்கத்தில் நிற்பார், அதனால் இரண்டாவது நிறுத்தம் எப்படியோ நடந்துவிடும். முடிவில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த கேஸுக்கோ புறநோயாளி பிரிவுக்கோ போயிருப்பார். தோலைத் தைப்பது பி.ஜி. மயக்க மருத்துவர் நோயாளியை எழுப்புவதில் இருப்பார். வெளியே அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. என்ன ஆபரேஷன் செய்தோம், எண்ணிக்கை முடிந்ததா, எடுத்த திசுவின் புட்டியில் பெயர் சரியா, எந்தக் கருவி தகராறு செய்தது, வார்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற ஐந்து இனங்களைக் கேட்க அங்கே மிஞ்சியிருப்பவர் சிஸ்டர். பதில் சொல்ல வேண்டியவர் அறையில் இல்லை. புட்டியில் பெயர் மாறினால் ஒருவருக்குப் புற்றுநோய் இல்லாமலே உறுப்பு போகும், இன்னொருவருக்குப் புற்றுநோய் இருந்தும் வீட்டுக்கு அனுப்புவார்கள். கருவி தகராறு என்று இன்று சொல்லாவிட்டால் நாளைக் காலை முதல் கேஸில் அதே டயதர்மி அதே இடத்தில் நிற்கும்.

தணிக்கைக்கு வருகிறவர்கள் கேஸ் ஷீட்டில் டிக் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதில் இரண்டைக் கேட்கலாம். கடைசி ஐந்து இனங்களையும் படித்தபோது சீஃபோ அவர் பொறுப்பு ஒப்படைத்த உதவிப் பேராசிரியரோ அறைக்குள் இருந்தாரா? போன மாதம் எத்தனை முறை “ஒரு நிமிஷம் சார்” என்று யாராவது நிறுத்தினார்கள், அவர்களில் எத்தனை பேர் சிஸ்டர்களும் டெக்னீஷியன்களும்? மாதம் முந்நூறு ஆபரேஷன் நடக்கும் அரங்கில் இரண்டாவது கேள்விக்கு விடை பூஜ்யம் என்றால், டிக்குகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அரங்கில் கேஸ் போடுவதை ஒருநாள் நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைப்பதற்குத் தேதி குறிக்கலாம்.